மூன்றும் எட்டும்

பத்திரிகையில் அவர் பெயர் வந்திருந்தது.

கொட்டை எழுத்தில், ஊரோடு. 'இரா. நல்லதம்பி, பாளையங்கோட்டை.' ஐம்பத்திரண்டு வாரமும் ஒரு கட்டம்கூடப் பிசகாமல் எண் குறுக்கெழுத்தைத் தீர்த்த ஒரே வாசகர் என்று போட்டிருந்தார்கள்.

இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தார்.

பிறகு இதழைச் சுருட்டி மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். காப்பி டம்ளர் உருண்டது.

எப்படி வரும்? வரவே கூடாதே! கடைசி வாரத்துத் தாளை அவர் முழுசாக நிரப்பி அனுப்பவே இல்லை.

தெரியாமல் விடவில்லை. ஆறு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட புதிர் அது. குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் ஓரத்தில் போட்டிருக்கிற எண் வர வேண்டும். ஒரு வரிசையில் ஒரே எண் இரண்டு தடவை வரக் கூடாது. அவ்வளவுதான் விதி. கேட்க எளிது, உட்கார்ந்தால் உயிரை வாங்கிவிடும்.

கடைசியில் கீழ் மூலையில் நான்கு கட்டம் மிஞ்சியது.

மேலே மூன்று, எட்டு. கீழே எட்டு, மூன்று. கூட்டிப் பார்த்தார். சரியாக வந்தது.

மாற்றிப் போட்டார். மேலே எட்டு, மூன்று. கீழே மூன்று, எட்டு.

அதுவும் சரியாக வந்தது.

ஒரு புதிருக்கு இரண்டு விடையா? அதற்குப் பெயர் புதிரா? தயாரித்தவன் தூங்கி வழிந்திருக்கிறான்!

அன்றைக்கே பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டார். எடுத்த பெண், எந்தக் கட்டம், என்ன எண் என்று சொல்லவே விடவில்லை. "விடை ஒண்ணுதான் சார் இருக்கும். பொறுமையா இன்னொரு தடவை பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

பொறுமையாகவாம். ஆறு நாள் பார்த்தவரிடம்!

ஏதாவது ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐம்பத்தோரு வாரப் பாடு வீணாகாது. ஆனால் குத்துமதிப்பாகப் போட்டதெல்லாம் ஒரு விடையா?

போட்டுப் பார்த்த பழைய தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதுத் தாளில் சுத்தமாக எழுதினார். அந்த நான்கு கட்டத்தையும் வெறுமையாக விட்டார். 'இங்கே இரண்டு விடைகள் வருகின்றன. பிழை உங்களுடையது' என்று ஒரு சீட்டும் எழுதி உறைக்குள் வைத்து, தபாலில் சேர்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். பெயர் வராது என்று தெரிந்தேதான் கொடுத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சுருட்டிய இதழோடு எழுந்தார்; அந்த உறை அவள் கையில்தானே போனது.

"வடிவு!"

சண்முகவடிவு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு கட்டத்த யாரு போட்டா?"

அவள் மழுப்பவில்லை. "நான்தான்."

"உள்ள வச்ச சீட்டு?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"எந்தக் கணக்குல போட்ட?"

"ஏதோ ஒரு கணக்கு. ஒரு வருசமா பென்சிலும் கையுமா கெடக்கீகளே, உங்க பேரு வரட்டும்னுதான் போட்டேன். அது ஒரு குத்தமா?"

குத்தம்தான்! கொலைக் குத்தம்! ஐம்பத்தோரு வாரம் அவர் ஒரு கட்டத்தைக்கூட ஊகித்து நிரப்பியதில்லை. இப்போது ஊர் முழுக்க அவர் பெயரைப் பார்க்கும். அதற்குள்ளே இருக்கிற பொய் அவருக்கு மட்டும் தெரியும். நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

"ரெண்டும் ரெண்டும் கூட்டத் தெரியுமா உனக்கு? நீ எதுக்கு என் தாளத் தொட்ட?" என்று கத்தினார். இன்னும் என்னென்னவோ கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவள் முகம் கறுத்துப்போயிற்று.

போன் அடித்தது.

அதே ஆபீஸ். அதே பெண். இன்றைக்குக் குரலில் தேன் ஒழுகியது. "வாழ்த்துகள் சார்! உங்க போட்டோ ஒண்ணு வேணும். அந்தக் கடைசி மூலைய எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ரெண்டு வரி சொல்லுங்க சார். நிறைய பேரு அங்கதான் கோட்டை விட்டுட்டாங்க."

நிறைய பேர்! அவர்களும் சரியாகத்தானே போட்டிருப்பார்கள், பாவிகளா!

வாயைத் திறந்தார். பொய் சொல்ல நாக்குப் புரளவில்லை. உண்மையைச் சொன்னால் மானம் போகும்.

போகட்டும். இவளால் போகிற மானம், இவளே நின்று பதில் சொல்லட்டும்.

"அத நான் போடல. போட்டவகிட்டயே கேளுங்க" என்று போனை அடுப்படிக்குள் நீட்டினார்.

சண்முகவடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்தப் பெண் கேட்டதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். ஒரு தடவை அவரைப் பார்த்தாள்.

"மேல மூணு, எட்டுன்னு வச்சாலும் வரும்மா. எட்டு, மூணுன்னு வச்சாலும் வரும். கீழ அதுக்கு மறுதலையா வைக்கணும், அவ்வளவுதான். தப்பு உங்க தாள்ல. இவுக அப்பமே போன் போட்டாக, நீங்கதான் காது குடுக்கல. ரெண்டுல ஒண்ண நான்தான் போட்டு அனுப்புனேன். இவுக பேர எடுக்கணும்னா எடுத்துருங்க. ஆனா உங்க தப்ப அச்சடிச்சுட்டு எடுங்க. மாத்திப் போட்டவுக பேரு எல்லாத்தையும் போடணும், சொல்லிட்டேன்."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, அவள் காத்திருக்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

அவர் அங்கேயே நின்றார்.

அந்தக் கட்டங்களில் வருவது மூன்றும் எட்டும் என்று அவர் அவளிடம் சொன்னதே இல்லை.