கடைசிப் பெஞ்சு விசில்

காகித ராக்கெட் ஒன்று அவள் காதை உரசிக்கொண்டு போய்க் கரும்பலகையில் மோதி விழுந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து நீளமாக ஒரு விசில்.

"யாரு விசிலடிச்சது?" புது அறிவியல் டீச்சரின் குரல் பாதியிலேயே உடைந்தது.

"காத்து, டீச்சர்."

சிரிப்பு எழுந்தது. பாதிப் பெஞ்சுகள் காலி. இருக்கிற கொஞ்சம் பேரையே அடக்க முடியவில்லை. நாளைக் காலை கல்வி அதிகாரி இதே அறையில் உட்கார்ந்து, அவள் இதே பாடத்தை நடத்துவதைப் பார்க்கப் போகிறார். போன தடவை அவர் வந்தபோது வகுப்பு கைமீறிப் போனது. நாளையும் அப்படியானால் வேலை போய்விடும்.

வீட்டில் சம்பாதிப்பது இப்போது அவள் ஒருத்திதான். ஆலை மூடியதிலிருந்து வேலை தேடி அலையும் கணவர், "போனா போகட்டும், வேற பாத்துக்கலாம்" என்று காலையில் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒலின்னா என்ன? யாராவது சொல்லுங்க."

"எங்கம்மா என்னை எழுப்புறது, டீச்சர்."

"கடைசிப் பெஞ்சு, எழுந்திருங்க."

"முட்டி பிடிச்சுக்கிச்சு டீச்சர். எழுந்திருக்க முடியல."

மறுபடி சிரிப்பு. டெஸ்க்குகளில் தாளம் தொடங்கியது. அவள் கையில் சாக்பீஸ் ஒடிந்தது. கண்கள் கதவுக்குப் போயின.

போன வாரம் இப்படி ஒரு தாளத்துக்குத்தான் அழுதுகொண்டே வெளியே ஓடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றவளைக் கணக்கு டீச்சர் தேடி வந்து முகம் கழுவ வைத்தார். "ஒரு தடவை ஓடிட்டா கால் அதுக்கே பழகிடும்மா. இனிமே ஓடாத."

ஓடவில்லை. முன் டெஸ்க்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். தாளம் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது.

ஒரு கணம் அதையே கவனித்தாள். பிறகு, சத்தம் போடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "நல்லாத் தட்டுறீங்க. இப்ப ஒரு விரல் போதும். டெஸ்க் மேல காதை வச்சுக்கிட்டு, கையை நீட்டி அந்தக் கோடியில நகத்தால கீறிப் பாருங்க."

"எதுக்கு டீச்சர்?"

"சும்மா கேக்குறதுக்கும், காதை வச்சுக் கேக்குறதுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

தாளம் ஒவ்வொரு டெஸ்க்காக நின்றது. ஒரு தலை சாய்ந்தது, பிறகு இன்னொன்று. மரத்தில் நகம் கீறும் சத்தம் மட்டும் அறையில் மிஞ்சியது.

"இடி மாதிரி கேக்குது டீச்சர்," என்றது விசிலடித்த குரல். இந்த முறை அதில் குறும்பு இல்லை.

"காத்துல வர்றதைவிட மரத்துல சத்தம் நல்லா வரும். சத்தம்ங்கறதே அதிர்வுதான். இப்ப உங்க காது தொட்டுப் பார்த்தது அதைத்தான்."

அவள் குரல் உடையவில்லை. பாடம் முடிகிறவரை ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு. "ஒத்திகை நல்லா வந்துச்சு. நாளைக்குப் பசங்க இதுல பாதி அட்டகாசம்கூடப் பண்ண மாட்டாங்கம்மா, தைரியமா நடத்துங்க. கணக்கு டீச்சர், ராக்கெட் விட்டது போதும், வந்து என்னைத் தூக்கி விடுங்க. இந்தப் பெஞ்சு ஆறாங்கிளாஸ் பசங்களுக்குச் செஞ்சது, ஹெட்மாஸ்டருக்கு இல்ல."