உதைக்கு ஒரு கும்பிடு

கும்பிடக் கை நீட்டிய வள்ளித்தாயை ருக்மிணி நெஞ்சோடு சேர்த்து ஓர் உதை விட்டாள். வள்ளித்தாய் மல்லாக்க விழுந்தாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த முத்துவடிவு பதறி எழுந்துவிட்டாள். பெற்றவளாயிற்றே.

டேக்வாண்டோ என்றால் உதைக்கிற ஆட்டம்தான். அது அவளுக்குத் தெரியாததில்லை. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மகளோடு பஸ் ஏறி, தென்காசியில் இந்தப் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து, அவள் உதைப்பதையும் உதைபடுவதையும் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இது வேறே.

வள்ளித்தாய்க்கு ஒரு பழக்கம். யார்மேல் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்வாள். முத்துவடிவு சின்னதிலேயே சொல்லிச் சொல்லி வளர்த்தது. அப்படி வளர்ந்த பிள்ளை சண்டைக்கு நிற்கும்போது மட்டும் மறந்துவிடுமா? ஓங்கி ஓர் உதை விடுவாள். விட்ட சூட்டிலேயே எதிராளியின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்வாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா?

மாஸ்டர் வல்லிநாயகமும் சொல்லிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். வள்ளித்தாயின் புத்திக்கு ஏறியது, கைக்கு ஏறவில்லை. முத்துவடிவு வேறு பக்கத்தில் இருந்துகொண்டு, நல்ல பழக்கம்தானே மாஸ்டர், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாங்கிப் பேசுவாள். மனசுக்குள் அவளுக்கு அதில் ஒரு பெருமை.

மதுரையில் மாநிலப் போட்டி நடந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி அசந்துபோய்ப் பதிலுக்குக் கும்பிட்டாள். அடுத்த உதையில் அவள் ஆட்டம் முடிந்தது. பைனலில் எதிரே வந்து நின்றது இதே ருக்மிணி. குற்றாலம் சன்னதித் தெருப் பெண், இதே ஹாலில் கூடவே பழகியவள். இருவரும் பிளாக் பெல்ட், இருவரும் ஒரே எடை. அதிலும் வள்ளித்தாய்தான் ஜெயித்தாள்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஓர் எடைக்கு மாநிலத்தில் ஒருத்திதான் டெல்லிக்குப் போகலாம். டெல்லியில் நாடு பூராவும் இருந்து வருகிறவர்களை ஜெயித்து, அதன்பிறகு கேம்ப்பிலும் தேறினால்தான் இந்தியாவுக்காக விமானம் ஏறலாம். தோற்றவள் அடுத்த வருஷம் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டியதுதான்.

தோற்ற ருக்மிணி வீட்டில் முடங்கவில்லை. மதுரையிலிருந்து திரும்பிய மறுநாளே வந்து நின்றாள். அன்றிலிருந்து இதே வேலை. மற்ற நேரமெல்லாம் ஒழுங்காகத்தான் ஆடுவாள். வள்ளித்தாய் கும்பிடக் கை நீட்டுகிற நேரம் பார்த்து நெஞ்சில் உதைப்பாள்.

தோற்ற வயிற்றெரிச்சல், வேறென்ன என்று முத்துவடிவு முடிவுகட்டிவிட்டாள். முன்பெல்லாம் சாரல் விழுந்தால் பயிற்சி முடிந்த கையோடு மூன்று பேருமாக ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். ருக்மிணிக்கு இவளே தலை துவட்டிவிடுவாள். இந்த சீசனில் அவளைக் கூப்பிடவே இல்லை. மகளிடம் கேட்டால், விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தப் பிள்ளையின் நெஞ்செல்லாம் கன்றிப்போய்க் கிடப்பதைப் பார்க்கிறவளுக்கல்லவா தெரியும்.

டெல்லிக்குப் புறப்பட இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் எலும்பை முறித்துப்போட்டுவிடுவாளோ என்ற பயம் முத்துவடிவைப் பிடித்து ஆட்டியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விரிப்பின்மேல் ஏறினாள்.

"மாஸ்டர், நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருக்கிய? கும்பிடுத பிள்ளைய மிதிக்கா. ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். ருக்மிணியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

முத்துவடிவு ருக்மிணியிடமே போய் நின்றாள்.

"ஏன் தாயி, இவ உனக்கு என்ன கெடுதல் செஞ்சா? இந்த வருசம் தோத்தா மறு வருசம் ஜெயிச்சுக்கிடலாம். கையெடுத்துக் கும்பிடுதவள மிதிச்சா அந்தப் பாவம் சும்மா விடுமா? உங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தரலியா?"

ருக்மிணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"சொல்லித் தந்திருக்காம்மா" என்றாள். "அதனாலதான் மதுரையில இவ கும்பிட்டப்பல்லாம் உதைக்க மனசு வராம நின்னுண்டே இருந்தேன். டெல்லியில யாரும்மா நிப்பா?"

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இது மதுரையிலேயே தெரிந்திருக்கிறது.

வள்ளித்தாய்க்கு இப்போதுதான் தெரிந்தது. தரையிலிருந்து எழுந்து வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். ருக்மிணியின் தோளைத் தொடக் கை நீட்டினாள்.

முத்துவடிவு பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, கைய மடக்கு. இனி எவ மேல கால் பட்டாலும் கும்பிடப்படாது, சொல்லிட்டேன்" என்றவள், ருக்மிணியின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ மிதி தாயி. நல்லா மிதி."