கலையாத கட்டில்

"அஞ்சாம் நம்பர் அம்மா நேத்து ராத்திரியும் கட்டில்ல படுக்கல சார்!"

மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து சொன்னாள் ராக்கெட். படிகளை இரண்டிரண்டாகத் தாவுகிறாள் என்று மேனேஜர் வைத்த பெயர் அது. ஏழே அறைகள் கொண்ட அந்தக் கடற்கரை ஹோட்டலில் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிப்பது அவள் வேலை.

"படுக்காம? விடிய விடிய நின்னுக்கிட்டா இருந்தாங்க?"

"விளையாடாதீங்க சார். மூணு நாள் முன்னாடி நான் விரிச்ச விரிப்பு அப்படியே இருக்கு. ஒரு சுருக்கம் இல்ல. தலையணையில பள்ளம்கூட விழல. பாத்ரூமையும் அவங்களே துடைச்சிடறாங்க. எனக்கு அங்க வேலையே இல்ல."

"வேலை இல்லைன்னு அழற முதல் ஆளு நீதான்."

"நான் துடைச்சது பிடிக்காமத்தானே மறுபடி துடைக்கிறாங்க? நான் விரிச்சது பிடிக்காமத்தானே படுக்க மாட்டேங்கறாங்க? வேற என்ன சார் அர்த்தம்?"

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளியே போன் செய்து, "என் விருந்தாளி ஒருத்தங்க மூணு நாள் தங்குவாங்க. அஞ்சாம் நம்பரைக் கொடுங்க" என்று சொல்லி அனுப்பிய ஆள் அந்த அம்மா.

"எனக்கு அப்பவே சந்தேகம். நம்மளைச் சோதிச்சுப் பார்க்க அனுப்பின ஆளா இருக்கும். இன்னைக்குக் காலி பண்ணிட்டுப் போய் முதலாளிகிட்ட என்ன சொல்லப்போறாங்களோ!"

பழைய லாட்ஜ் ஒன்றை ஒரு வருடம் மூடிவைத்து, வெள்ளையடித்து, ஆட்களையெல்லாம் புதிதாக எடுத்துத் திறந்த ஹோட்டல் அது. கதவுகள் மட்டும் பழசு. 'பழமையின் அழகு' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஐந்தாம் எண் அறையின் பால்கனிக் கதவுக்கு அந்த அழகு கொஞ்சம் கூடுதல். தோளைக் கொடுத்து முட்டினால்தான் திறக்கும்.

ராக்கெட்டுக்கு அன்றோடு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமானால் மகளோடு இதே ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் அக்கா வீட்டு ஹாலில் ஒரு மூலைதான். மகளுக்கு இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். மகளை அங்கிருந்து பிய்த்துக்கொண்டு போக ராக்கெட்டுக்கு மனமில்லை.

"நான் நேராவே கேட்டுடறேன் சார்."

"கேளு, கேளு. நான் உன் பின்னாலேயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் தம் நாற்காலியிலேயே இருந்தார்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கடற்கரையில் நடந்துவிட்டு அறைக்குத் திரும்பியிருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க வந்தவர்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாம்மா. ஏன் வாசல்லயே நிக்கற?"

"தப்பா நினைக்காதீங்கம்மா. என் வேலையில என்ன குறை? முதலாளிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லிடுங்க, திருத்திக்கிறேன். எனக்கு இந்த வேலை வேணும்மா." கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

"குறையா? யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? கட்டிலைப் பார்த்தாலே தெரியுதே! மூணு ராத்திரியும் எங்கதான் படுத்தீங்க?"

அந்த அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல விழித்தார். "தரையிலதான். சால்வையை விரிச்சுக்கிட்டேன்."

"தரையிலயா! அவ்வளவு மோசமாவா இருக்கு நான் விரிச்ச படுக்கை?"

"ஐயையோ, அழாதே. இரு, கொஞ்சம் காத்து வரட்டும்."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பால்கனிக் கதவை நோக்கிப் போனார். முட்டித் திறந்துவிட ராக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். அதற்குள் அந்த அம்மா கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, கதவின் கீழ்மூலையைக் கால் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். கதவு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

ராக்கெட் வாயைப் பிளந்தாள். "இந்த வித்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கதவுச் சட்டத்தில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தபடியே அந்த அம்மா சொன்னார்: "இது லாட்ஜா இருந்தப்ப, இருபத்தாறு வருஷம் உன் வேலையைப் பார்த்தவ நான்தான். லாட்ஜை மூடறப்போ, வேலையை விட்டு நின்னுக்கறேன்னு சொன்னதும், உனக்கு என்ன வேணும்னு முதலாளி கேட்டார். தினமும் விரிச்சதோட சரி, ஒரு நாள்கூடப் படுத்ததில்ல, அஞ்சாம் நம்பர் கட்டில்ல மூணு நாள் படுக்கணும்னேன். ஆசையா வந்து பார்த்தா, நீ அவ்வளவு அழகா விரிச்சு வச்சிருக்க! அந்த மூலை மடிப்புக்கு இடுப்பு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியாதா? கலைக்க மனசே வரலம்மா. என்னைவிட நல்லாச் செய்யற பொண்ணு வந்தாச்சுன்னு இன்னைக்குக் காலையிலயே முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

ராக்கெட் கட்டிலருகே போனாள். தான் இழுத்து இழுத்து விரித்த விரிப்பை இரண்டு கைகளாலும் கசக்கினாள். தலையணையில் ஓங்கி ஒரு குத்துக் குத்திப் பள்ளம் போட்டாள்.

"கலைச்சாச்சு. ரூமைக் காலி பண்ண இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. பையை அங்க வச்சிட்டு, வந்து படுங்கக்கா!"