ஒட்டுத்தாள்

“நாப்பத்தொண்ணாம் பக்கத்துல மட்டும் ஒரு தாளை ஒட்டிடுவோம், மேடம். பிள்ளைங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

பாபநாசத்துக்கு அருகிலுள்ள அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் மதிவாணன் இதைச் சொன்னபோது, அவருடைய மேசைமேல் வெள்ளைத் தாள்கள் பக்க அளவுக்கு வெட்டப்பட்டுத் தயாராக இருந்தன. அருகில் பசை டப்பா.

வானதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தஞ்சை வட்டாரத்துப் பண்ணையாட்களின் வரலாற்றைச் சிறுவர்களுக்காக அவள் எழுதிய புத்தகம் அது. எட்டாம் வகுப்புக்கென்று பள்ளி மொத்தமாக வாங்கியிருந்தது.

“ஒட்டி மறைக்கிற அளவுக்கு அதுல என்ன சார் இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாததா? சாரங்கபாணி ஐயா நேத்து போன் பண்ணினாரு. ‘நாப்பத்தொண்ணாம் பக்கம் சரியில்லை, எழுதினவங்களை வரச் சொல்லுங்க’ன்னாரு. டக்குனு போனை வச்சுட்டாரு. எனக்கு ராத்திரி சோறு இறங்கலை.”

சாரங்கபாணி எண்பதைக் கடந்தவர். அந்த ஊர்ப் பண்ணையாரின் ஒரே மகன். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டித் தந்தவர் அவரே. கட்டடத்தின் வாசலில் அவருடைய தந்தை அரங்கசாமியின் பெயர் பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது இதுதான். நடவு வயலிலிருந்து கரையேறித் தன் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தாள் என்பதற்காக, ராமாயி என்னும் பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார் ஒரு பண்ணையார்.

“அடுத்த வருஷம் சயின்ஸ் லேப் கட்டித் தர்றதா சொல்லியிருக்காரு, மேடம். இந்த நேரத்துல போயி…”

“நான் போற இடமெல்லாம் ஒரு குறை சார். ஒரு பள்ளிக்கூடத்துல, ‘கடைசியில கேள்வி பதில் இல்லையே’ன்னாங்க. இன்னொரு இடத்துல, ‘இதைப் படிச்சுட்டுப் பிள்ளை வீட்டுல தாத்தாவைக் குறுக்கு விசாரணை பண்ணுது’ன்னாங்க. இப்ப நீங்க பசை டப்பாவோட உட்கார்ந்திருக்கீங்க!”

“கல்லணையைப் பத்தி எழுதியிருக்கலாமே, மேடம்.”

“அதுக்கு ஏற்கெனவே எவ்வளவோ புத்தகம் இருக்கு.”

“இருக்கட்டுமே. அதுல எந்தப் பக்கத்தையும் ஒட்ட வேண்டியதில்லை பாருங்க!”

வானதி எழுந்துவிட்டாள்.

“பிள்ளைங்ககிட்ட உண்மையை மறைச்சு எழுத எனக்குத் தெரியாது சார். ஒட்டுறதா இருந்தா, அத்தனை புத்தகத்தையும் கட்டி எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.”

வெளியே கார் வந்து நின்றது. மதிவாணன் பாதிப் பேச்சில் ஓடினார். சற்று நேரத்தில் கைத்தடியும் கக்கத்தில் புத்தகமுமாக உள்ளே வந்தார் சாரங்கபாணி.

“உட்காருங்க ஐயா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இன்னிக்கே எல்லாத்துலயும் ஒட்டிடுறோம்.”

மேசைமேல் இருந்த தாள்களையும் பசையையும் பெரியவர் ஒருமுறை பார்த்தார். பிறகு வானதியின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் எழுதினவங்களாம்மா?”

“ஆமாங்க. அதுல ஒரு வரியைக்கூட நான் எடுக்க மாட்டேன்.”

“எடுக்கச் சொல்லி யாரு கேட்டா?”

மதிவாணன் விழித்தார். “ஐயா, நீங்கதானே அந்தப் பக்கம் சரியில்லைன்னு…”

“சரியில்லைன்னேன். மூடச் சொன்னேனா?” பெரியவர் சலிப்போடு நாற்காலியில் அமர்ந்தார். “நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்காங்க. அன்னிக்கு நான் சின்னப் பையன். வரப்புல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

கக்கத்துப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வானதியைப் பார்த்தார்.

“ராமாயியோட மக வலங்கைமான்ல இருக்காங்க. அவங்கதானே உங்களுக்கு இதைச் சொன்னது?”

“ஆமாங்க” என்றாள் வானதி.

“பண்ணையார் யாருன்னு சொல்லலையா?”

முதல்முறையாக வானதியின் குரல் இறங்கியது.

“சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்க படிக்கிற புத்தகம்… பதிப்பகத்துலயும் எதுக்கு வம்புன்னாங்க. எனக்கும் அதுவே சரின்னு பட்டுது.”

“சாணியைக் குடிச்சவங்களுக்குப் பேரு போட்டிருக்கீங்க. குடிக்க வச்சவரு மட்டும் ‘ஒரு பண்ணையார்’. இது என்னம்மா நியாயம்?”

மதிவாணன் பசை டப்பாவை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கப் பார்த்தார்.

“அதை எங்கே சார் கொண்டு போறீங்க? இங்கேயே வைங்க” என்றார் பெரியவர்.

சாரங்கபாணி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தன் பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டையும் வானதியின் பக்கம் நகர்த்தினார்.

“தாளும் பசையும் தயாராத்தானே இருக்கு? ‘ஒரு பண்ணையார்’ங்கிற இடத்துல மட்டும் வர்ற மாதிரி சின்னதா வெட்டி, பேரை எழுதி ஒட்டுங்க. வாசல்ல பளிங்குல போட்டிருக்கே, அதே பேரு.”