பொத்தான் டப்பாக் காசு

பழங்காசு வியாபாரி காசைத் தராசில் வைத்தபோது, அது போலியாக இருக்க வேண்டும் என்று காதுக்காரர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அதற்கு நேர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த துணிப்பை பிழிந்துபோட்ட துணியாக முறுகிக் கிடந்தது.

அவள் அவருடைய கூட்டாளியின் மனைவி. கூட்டாளி போய்ச் சேர்ந்து மூன்று வருடம்.

மணி வார்க்கும் பட்டறையில் இரண்டு பேரும் இருபத்தாறு வருடம் ஒரே உலைக்கு முன்னால் வெந்தவர்கள். கூட்டாளி உருக்கி ஊற்றுவான். ஆறிய மணியைத் தட்டிப் பார்த்து, உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது இவர் வேலை. இவர் தலையாட்டாமல் முதலாளிகூட மணியை வண்டியில் ஏற்ற மாட்டார். காதுக்காரர் என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

காசு எங்கே கிடைத்தது என்று வியாபாரி கேட்டார்.

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். பழைய சாமான் கடையில் அவள் புருஷன் ஒரு தையல் மெஷின் வாங்கி வந்தார். அதன் இழுப்பறைக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்கோடு பிசுக்காக இது ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தளை என்று சொல்லிப் பொத்தான் டப்பாவில் போட்டார். பதினோரு வருடம் அங்கேயே கிடந்தது. போன வாரம் சட்டை தைக்கக் கொடுத்த டீச்சர் பொத்தான் பொறுக்கும்போது பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு விவரமான ஆளிடம் காட்டுங்கள் என்றாளாம்.

"எனக்கு யாரைத் தெரியும்? உலோகம்னா இந்த அண்ணனுக்குத்தான் தெரியும். வரமாட்டேன்னாரு, இழுத்துட்டு வந்தேன்."

அவளுக்குக் கண்ணில் புரை. ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. இது மட்டும் தங்கமாக இருந்தால் மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்துக்கொள்வேன் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நல்லது நடக்கக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. கண்ணுக்கு ஆகிற செலவை, தன் கையில் இருப்பதை வழித்துத் துடைத்தாவது கொடுத்துவிடுவார். காசு பித்தளையாகப் போகட்டும். அது போதும்.

வியாபாரி எடையை எழுதினார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். காதுக்காரருக்கு அந்த உதடு பிடித்திருந்தது.

நிறம் சிவந்திருக்கிறதே என்று இவரே எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்துக் காசில் செம்பு கலப்பார்கள், அப்படித்தான் இருக்கும் என்றார் வியாபாரி, நிமிராமல்.

பிறகு காசை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசின் விளிம்பால் லேசாகத் தட்டினார்.

கணீரென்றது. மெல்லிசாக, நீளமாக. தெருவில் போன லாரியின் இரைச்சல் தேய்ந்த பிறகும் அது அறைக்குள் நின்றது.

காதுக்காரர் மூச்சு விட்டார்.

"அப்ப பித்தளைதான். தங்கத்துக்கு ஏது குரல்? என் சம்சாரத்தோட மோதிரம் கீழ விழுந்தா பூனைகூடத் திரும்பிப் பார்க்காது."

வியாபாரி முதல் தடவையாக அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மோதிரம் வேறு, காசு வேறு என்றார். மோதிரம் வளைத்துப் பற்றவைத்தது, அதற்குக் குரல் கிடையாது. இது முழுத் தகட்டில் ஒரே அடியில் அச்சு விழுந்தது, ஒலிக்கத்தான் செய்யும். எடையும் சரியாக இருக்கிறது, சத்தமும் சரியாக இருக்கிறது. அசல் தங்கம். அதிலும் இந்த அச்சு லேசில் கிடைக்காது.

ஒரு சீட்டில் தொகையை எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவளுக்கு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. காதுக்காரர்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டாளியின் நெஞ்சில் உலைப் புகை இறங்கிப் படுத்தபோது, ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கேட்டு, கட்ட முடியாமல் போன தொகையைப்போல இரண்டு பங்கு.

ஒன்றரை வருடம் அவன் கிடந்து இருமிய கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே இரண்டடி இருக்கும். பொத்தான் டப்பா மெஷின் பலகையின் மேலேயேதான் இருந்தது.

அவள் அழவில்லை. சீட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்பவே பட்டறையில யார்கிட்டயோ காட்டினாராம், அண்ணே. அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்ன பிறகு இன்னொருத்தன்கிட்ட காட்டினா அவரை அவமானப்படுத்துற மாதிரின்னாரு. யாருன்னு எத்தனையோ தடவை கேட்டேன். கடைசி வரைக்கும் வாயைத் திறக்கலை."

அன்றைக்குப் பட்டறையில் சாப்பாட்டு நேரம். உலைக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளி சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து, வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினான். காதுக்காரர் வாங்கிப் பட்டறைக் கல்லில் ஒரே ஒரு தடவை போட்டார். தங்கத்துக்கு ஏதுடா குரல், கழுதைக் கழுத்து மணிடா இது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டாளிதான் அதிகம் சிரித்தான், புரையேறும் வரை.

விற்கிறீர்களா என்று வியாபாரி கேட்டார். இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் எழுந்துகொண்டாள். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், அண்ணனிடமே பத்திரமாக இருக்கட்டும் என்று காசை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

நகத்தளவு காசு. என்ன கனம்.

அன்றைக்கும் கை இதைத்தான் சொன்னது.