கணக்கில் வராத வேடம்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் நாளை முதல் என் பல்செட் வாயில் ஏறாமலே போகட்டும்.

என் மருமகளுக்குப் பத்திரிகையில் வேலை. செய்தி எழுத மாட்டாள், கணக்கு போடுவாள். யார் எத்தனை ரன் அடித்தார்கள், எந்தத் தெருவில் எத்தனை விபத்து என்று கம்ப்யூட்டரில் போட்டு, கோடும் கட்டமுமாக வரைந்து கொடுப்பாள். அந்த வாரம் ஒரு நடிகர் மாட்டினார். போடாத வேடமே இல்லை என்று பெயர் வாங்கியவர்.

"மாமா, உங்க ஆளு பக்கா ஃப்ராடு" என்றாள் காலையில்.

எனக்கு டீ புரையேறியது. ஒரு காலத்தில் அவர் படத்துக்குச் சட்டை கிழிய டிக்கெட் வாங்கியவன் நான்.

"டூப் போட மாட்டேன்னு மேடைக்கு மேடை பீத்திக்கறாரே, இதப் பாருங்க."

அவருடைய படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காட்டி, முகங்களை எண்ணச் சொல்லியிருக்கிறாள். திருடன், டாக்டர், குருடன், கிழவி என்று என்ன வேடத்தில் ஒளிந்தாலும் அது அவரைக் கண்டுபிடித்துவிட்டது. கூடவே, யாரும் கேட்காத ஒருவனையும் கண்டுபிடித்துக் கொடுத்தது.

ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஓர் ஓரத்தில் அவன். பஸ் நிறுத்தத்தில், கோர்ட்டு வாசலில், டீக்கடையில். வசனம் கிடையாது. நடிகரின் ஜாடைதான், மூக்கு மட்டும் கொஞ்சம் கோணல், கன்னத்தில் மச்சம்.

படத்துக்குப் படம் நடிகருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவனுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.



"ரெண்டு பேரும் ஒரே ஷாட்ல வரவே இல்ல மாமா. இவர் இருந்தா அவன் இல்ல, அவன் இருந்தா இவர் இல்ல. டூப்புக்கு வேற என்ன சாட்சி வேணும்? அடுத்த வாரம் பெரிய விருது குடுக்கப் போறாங்களாம். அதுக்குள்ள இது வந்தா மனுஷன் காலி. ஒரு வார்த்தை அவரையும் கேட்டுட்டுப் போடச் சொல்றாரு எடிட்டர்."

நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். இந்த வேடிக்கையை விடுவேனா?

நடிகர் முழங்காலில் கட்டோடு சோபாவில் இருந்தார். கையில் டீ. மருமகள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, அந்த முகத்தைக் காட்டினாள்.

"இவன் யாரு சார்?"

நடிகர் குனிந்து பார்த்தார்.

"இவன் செத்துட்டானேம்மா" என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"என் மூணாவது படம். மாடியிலேர்ந்து நான் குதிக்கணும். பயந்துட்டேன். எனக்குப் பதிலா இவன் குதிச்சான். எந்திரிக்கவே இல்ல. அதோட டூப் போடறதை விட்டேன்."

"அதுக்கப்புறமும் எல்லாப் படத்துலயும் இருக்கானே சார்?"

"அது நான். மூக்குல கொஞ்சம் மெழுகு, கன்னத்துல ஒரு மை."

"எந்த வேஷத்தையும் கண்டுபிடிச்ச கம்ப்யூட்டரே இதுல ஏமாந்துடுச்சே!" என்றாள் மருமகள்.

"அவங்கம்மாவுக்கு இவன் ஒரே பிள்ளை. விஷயத்தைச் சொல்லத்தான் போனேன். வாசல்லயே, 'என் பையன் அடுத்த படத்துல எங்கப்பா வர்றான்?'னு கேட்டாங்க. 'டீக்கடையில வர்றான்மா'ன்னு வாயில வந்துடுச்சு. சொல்லிட்டோமேன்னு வேஷம் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியல. வாராவாரம் அவன் குரல்ல போன் வேற."

"வயசே ஆகலையேன்னு அந்தம்மா கேக்கலையா?" என்றேன்.

"கேட்டாங்க பெரியவரே. சினிமாக்காரனுக்கு எங்கம்மா வயசாகுதுன்னு சமாளிச்சேன்."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"போன வருஷம் ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'தம்பி, என் பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். மொத தடவையே நீ வலது கையால டீ குடிச்சே. சொன்னா உன் மனசு தாங்காதேன்னுதான் பேசாம இருந்தேன்'னாங்க. அன்னிக்கே போயிட்டாங்க."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதோட அந்த வேஷத்த மூட்டை கட்டிட்டேம்மா. இப்ப வந்திருக்கிற படத்துல அவன் கிடையாது."

அந்த நேரம் பார்த்து லேப்டாப் 'டிங்' என்றது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கடைசிப் படத்தை அது அப்போதுதான் எண்ணி முடித்திருந்தது.

திரையில் நடிகர் நடுரோட்டில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு டீக்கடை. கோணல் மூக்கு. மச்சம்.

ஒரே ஷாட்டில்.

"நான் இங்க முன்னால நிக்கறேனே..." என்றார் நடிகர். அவர் குரலே இல்லை அது. "டம்ளர் எந்தக் கையில?"

மருமகள் படத்தைப் பெரிதாக்கினாள்.

இடது கை.

பெஞ்சில் அவனை ஒட்டி ஒரு வயதான அம்மா. கடையில் இருந்த மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் நடிகரின் முதுகையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடிகர் கையில் இருந்த கப்பைக் கீழே வைத்தார்.

"இவன்தாம்மா நடிகன்" என்றார் மெதுவாக. "இத்தனை படத்துல நான் பண்ணின தப்ப ஒரே ஷாட்ல திருத்திட்டான்."

கட்டுரை வந்தது. கோடும் கட்டமும் இருந்தன, டூப் என்ற பேச்சே இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: 'இவர் மிக நன்றாக நடித்த வேடம் இந்தக் கணக்கில் சேரவில்லை.'

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், மருமகள் எனக்கு வீட்டில் டீயை நிறுத்திவிடுவாள். யாராவது துருவிக் கேட்டால், டீக்கடையில் ஒருத்தர் சொன்னார், முகம் சரியாக ஞாபகமில்லை, இடது கையால் குடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிடுங்கள்.