கூடுதலாகத் துடைத்த நேரம்

ஒயர் முனையில் சின்னச் செம்புக் குழலை மாட்டி நசுக்கும் இடுக்கி ஒன்றின் வாயில் இரண்டு அச்சுகள் இருந்தன. மேலே இருந்ததால் மேலச்சு தன்னை அக்கா என்று சொல்லிக்கொண்டது.

வேலை முடிந்ததும் மெக்கானிக் செண்பகவல்லி இரண்டையும் துடைத்து எண்ணெய் இடுவாள். செம்புத் தூள் கீழேதானே விழும்? அதனால் கீழச்சைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பாள். அந்தக் கொஞ்சத்தைத்தான் மேலச்சால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் எங்கிருந்தோ வந்து ஒட்டிய இரும்புச் சில்லு ஒன்றை அது துணிக்குக் காட்டாமல் தன் மூலையில் ஒளித்துவைத்தது. வாய் மூடும்போதெல்லாம் சில்லு தங்கையின் முகத்தைக் கீறியது.

"அக்கா, என்னவோ குத்துது."

"உனக்கு எப்பவும் ஏதாவது குத்தும். அப்பத்தானே அந்தம்மா தடவிக் கொடுப்பாங்க?"

அடுத்த சோதனையில் செண்பகவல்லி கீழச்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் கீறல். 'தொலைந்தாள்' என்று மேலச்சு பூரித்தது.

"ஒண்ணு கெட்டா ஜோடியாத்தான் மாத்தணும்" என்று முணுமுணுத்தபடி அவள் இரண்டையும் கழற்றிப் பழைய இரும்பு போடும் டப்பாவில் எறிந்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா, உன்னை ஏன் எடுத்தாங்க?" என்று அழுதது தங்கை.

மேலச்சுக்கு அது காதில் விழவில்லை. மேசைமேல் புது ஜோடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. அதிலும் கீழே இருந்தவளைத்தான் கூடுதல் நேரம் துடைத்தாள்.